ஆங்கிலம் அறிவோம்: ஒரே சொல், பல வேலை

“அகராதியைப் பார்த்துத்தான் எழுதினான், ஆனாலும் தவறு என்று போட்டுவிட்டார்கள்” என்று தோட்டத்துப் பெற்றோர் பலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அகராதியில் குறையில்லை. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று மனப்பாடம் செய்துவிட்டு, அங்கேயே நின்றுவிடுவதுதான் குறை.

நமக்குப் பழக்கமான ‘டேப்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘டர்ன் ஆஃப் த டேப்’ என்றால் குழாயை மூடு. இங்கே அது பெயர்ச்சொல். ‘தே டேப் த ட்ரீஸ்’ என்றால் அவர்கள் பால்மரம் வெட்டுகிறார்கள், இங்கே வினைச்சொல். குழாய்க்கும் மரத்துக்கும் என்ன உறவு? பழைய ஆங்கிலத்தில் பீப்பாயின் துளையை அடைக்கும் முளைக்கு இந்தப் பெயர். அதைத் திறந்து உள்ளிருப்பதை வடிப்பது வினையாயிற்று. பின்னர் மரத்தில் பால் வடிப்பதற்கும் அதுவே வந்தது. (கதவை இலேசாகத் தட்டுவதும் டேப்தான். ஆனால் அது பிரெஞ்சு வழி வந்த வேறு பிறவி.)

தமிழில் மட்டும் என்ன? ‘வெட்டு ஆழமாகிவிட்டது’ என்றால் பெயர். ‘நேராக வெட்டு’ என்றால் வினை. ஆனால் ‘வெட்டில்’, ‘வெட்டினான்’ என்று வால் சேர்ந்தவுடன் நமக்குக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வால் பெரும்பாலும் கிடையாது. சொல் நிற்கும் இடம்தான் அதன் வேலையைச் சொல்லும்.

இது பரீட்சைக்கு மட்டும் உரிய விஷயமன்று. மருந்தடிக்கும் தாய்மார் சிலருக்கு, டின்னில் ஒட்டிய தாளைப் பிள்ளைகளே படித்துச் சொல்கிறார்கள். ‘எம்ப்டி கன்டெய்னர்’ என்றால் காலி டின். ‘எம்ப்டி த கன்டெய்னர்’ என்றால் டின்னில் உள்ளதைக் கொட்டிக் காலியாக்கு என்னும் கட்டளை. இடையில் இருப்பது ஒரே ஒரு ‘த’. ‘எம்ப்டி என்றால் காலி’ என்று மட்டும் படித்த பிள்ளை, இரண்டையும் காலி டின் என்றே அம்மாவிடம் சொல்லும். உள்ளே இருப்பதோ விஷம்! ஆகவே பிள்ளை ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால், உடனே சொல்லிவிடாதீர்கள். வாக்கியம் முழுவதையும் வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் இதைச் செய்யலாம்.

சில சொற்கள் ஒலியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பெயராக வந்தால் ‘ரெக்கர்ட்’, முன்னசையில் அழுத்தம். வினையாக வந்தால் ‘ரிக்கார்ட்’, பின்னசையில் அழுத்தம்.

மாணவ மணிகளே, ‘ரவுண்ட்’ என்ற சொல் பெயர், வினை, பெயரடை, வினையடை என்று நான்கு வேலை செய்வதோடு, பெயருக்கு முன் நிற்கும் இடைச்சொல்லாகவும் வரும். ஐந்துக்கும் ஐந்து வாக்கியம் எழுதி வையுங்கள். அடுத்த இதழில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.