மண்ணுக்குள் ஓர் இரவு



"பாலைவனத்தில கூடாரம் அடிச்சுத் தங்கப் போறம். நீங்களும் வாங்கோ அம்மா" என்று மகள் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் கண்ட பெரிய வெளி ஆனையிறவு வெளிதான். மகளின் குடும்பம் தெற்கு அவுஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரில் இருக்கிறது. யூலை மாதப் பாடசாலை விடுமுறையில் நான் அங்கே நின்றேன். ஒன்பது வயதுப் பேரன் விடுவதாக இல்லை. "அம்மம்மா வராட்டி நானும் போகேல்லை" என்றுவிட்டான். புறப்பட்டோம்.

நாங்கள் போன இடம் கூபர் பீடி. அடிலெய்டிலிருந்து வடக்கே 846 கிலோமீற்றர். ஏறத்தாழ 1,500 பேர் வாழும் சிறிய ஊர். ஒரே நாளில் ஓடி முடிக்கலாம் என்றாலும் மருமகன் வழியில் போர்ட் ஒகஸ்டாவில் ஓர் இரவு தங்கியே போனார். மாலையானால் கங்காருகள் தெருவில் பாயும். இருட்டில் ஓடுவது ஆபத்து என்றார். மறுநாள் பிம்பாவைத் தாண்டியதும் லேக் ஹார்ட் என்னும் உப்பு ஏரி வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அதன்பின் சிவந்த மண்ணும் சிறு பற்றைகளும்தான். ஊரை அடையுமுன் 250 கிலோமீற்றருக்கு மேல் பெற்றோல் நிலையமே கிடையாது. மகள் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீற்றர் என்று கணக்குப் பார்த்துத் தண்ணீர் ஏற்றியிருந்தாள். வீட்டில் வறுத்த புட்டு மாவும் இடித்த சம்பலும் என் பங்கு.

ஊர் நெருங்க வெள்ளை மண்குவியல்கள் தெரிந்தன. எல்லாம் ஓபல் என்னும் இரத்தினக்கல்லுக்காகத் தோண்டிய மண். 1915ஆம் ஆண்டில் தந்தையோடு பொன் தேடி வந்த வில்லி ஹட்சிசன் என்ற பதினான்கு வயதுப் பையன்தான் இங்கே முதலில் ஓபலைக் கண்டெடுத்தான். கோடையில் வெயில் 45 பாகையையும் தாண்டும். ஆகவே மக்கள் குன்றுகளைக் குடைந்து வீடாக்கினார்கள். முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்துவிட்டுத் திரும்பிய படைவீரர்களே இப்படி நிலத்துக்குள் வாழும் முறையைக் கொண்டுவந்தார்கள் என்று சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் மகள் என்னைப் பார்த்தாள். நான் பேசாமல் இருந்தேன்.

நாங்கள் போனது அங்கே குளிர்காலம். பகலில் இதமான வெயில், இரவில் எலும்பைத் துளைக்கும் குளிர். நிலமோ கல்லு நிலம். கூடாரத்தின் முளைகள் இறங்கவே இல்லை. கயிற்றை வாகனத்தின் சில்லில் கட்டி ஒருவாறு கூடாரத்தை நிறுத்தினோம். இரவு முழுவதும் காற்று அதைப் போட்டு அடித்தது. விடியும்வரை ஒருவரும் கண் மூடவில்லை.

காலையில் முகாமைப் பராமரிப்பவர், "நிலத்துக்குக் கீழேயும் கூடாரம் அடிக்க இடமிருக்கிறது. காற்றும் இல்லை, குளிரும் இல்லை" என்றார். பேரன் துள்ளினான். மகள் மட்டும் முகம் மாறி, "வேண்டாம், இஞ்சையே இருப்பம்" என்றாள். மருமகனுக்குக் காரணம் விளங்கவில்லை. அவர் கைக்குழந்தையாக ஊரைவிட்டு வந்தவர். எனக்கு விளங்கியது.

1990ஆம் ஆண்டு மகளுக்கு ஐந்து வயது. எங்கள் வளவில், பலாமரத்தின் கீழ் அவளுடைய அப்பா ஒரு பங்கர் வெட்டியிருந்தார். மேலே பனங்குற்றிகள், அதன்மேல் மண்மூட்டைகள். விமானச் சத்தம் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவோம். அந்த நாட்களைப் பற்றி அவள் வளர்ந்தபின் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அன்று பகல் ஊரைச் சுற்றினோம். ஃபே என்ற பெண்ணும் அவருடைய இரண்டு தோழியரும் தம் கைகளாலேயே குடைந்த வீடொன்று இருக்கிறது. பிக்கானும் சவளும்தான் அவர்களுடைய ஆயுதங்கள். அதைப் பார்த்தபின் பெண்ணுக்கு இது முடியாது, அது முடியாது என்று யார் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரும். பொதுமக்கள் கல் பொறுக்க விட்டிருக்கும் இடத்தில் பேரன் ஒரு மணிநேரம் மண்ணைக் கிளறினான். எங்கும் எச்சரிக்கைப் பலகைகள்: ஓடாதீர்கள், பின்னோக்கி நடக்காதீர்கள். மூடாமல் விட்ட குழிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவாம். திரும்பும் வழியில் வாகனத்தை நிறுத்திப் படம் எடுத்தபோது பேரன் இரண்டடி பின்னால் வைத்தான். மகள் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். குழி எட்டத்தில்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு நெஞ்சு அடித்த அடி வெகுநேரம் அடங்கவில்லை.

அந்த ஊரின் ஆதிவாசிப் பாட்டிமாரைப் பற்றியும் அங்கேதான் அறிந்தோம். மேற்கே ஈமு ஃபீல்ட் என்ற இடத்தில் 1953ஆம் ஆண்டு பிரித்தானியா அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அந்தச் சோதனைகளின் துன்பத்தை அனுபவித்த குடும்பங்களின் மூத்த பெண்கள், 1998இல் அணுக்கழிவை அந்தப் பாலைநிலத்தில் புதைக்க அரசு முனைந்தபோது எழுந்து நின்றார்கள். "கூபா பிட்டி குங்கா ஜுட்டா" என்பது அவர்களுடைய குழுவின் பெயர். ஆயுதம் இல்லை, பணம் இல்லை. தங்கள் சனத்துக்கு நடந்ததை ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள். அவர்களில் ஐலீன் கம்பகுட்டா பிரவுண், ஐலீன் வானி விங்ஃபீல்ட் இருவருக்கும் 2003இல் கோல்ட்மன் சுற்றாடல் விருது கிடைத்தது. 2004இல் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

மாலையில் தேநீர் குடிக்கும்போது மகள் மெல்லச் சொன்னாள்: "அந்த அம்மாமார் எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லியிருக்கினம். நான் என்ர பிள்ளைக்கே ஒண்டும் சொல்லேல்லை, அம்மா." பிறகு அவளே எழுந்து கூடாரத்தைக் கழற்றினாள்.

கீழே மண்சுவர்கள் சந்தன நிறமாக இருந்தன. குளிரும் இல்லை, வெக்கையும் இல்லை. விளக்கை அணைத்ததும் கையை நீட்டினால் கை தெரியாத இருட்டு.

"சத்தமே இல்லை அம்மா" என்றான் பேரன்.

"நான் சின்னனில இருந்த பங்கருக்குள்ள ஒரே சத்தம்" என்று தொடங்கினாள் மகள். பனங்குற்றி, மண்மூட்டை, அப்பாவின் ரோச் லைற், பலா இலை மணம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறக்கவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ர காதைப் பொத்திப் பிடிப்பியள். அப்ப உங்கட காதை ஆர் பொத்தினது எண்டு நான் இப்பவும் யோசிக்கிறனான்" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சிறிது நேரத்தில் பேரனின் சிறிய கைகள் இரண்டும் இருட்டில் தடவி வந்து என் காதுகளை மூடின.

அன்றிரவு நாங்கள் நால்வரும் நன்றாக உறங்கினோம்.

வாசகியரே, நீங்களோ உங்கள் பிள்ளைகளோ இத்தகைய வரண்ட நிலத்துக்குப் போனால் தண்ணீரைத் தேவைக்கு மேலாகவே கொண்டுபோங்கள். குளிர்காலத்தில் தடித்த போர்வை வேண்டும். இருட்டுமுன் பயணத்தை நிறுத்துங்கள். போகும் வழியை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்வேன். நாம் பேசாதிருந்தால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று நினைக்கிறோம். அவர்கள் மறப்பதில்லை, நம்மைப் பார்த்துத் தாமும் பேசாதிருக்கப் பழகிக்கொள்கிறார்கள். ஆறுதலாக இருக்கும் ஒரு பொழுதில், அவர்கள் பக்கத்தில் இருந்து, நடந்ததைச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதையும் கேளுங்கள்.