வளரும் பிள்ளைகளுக்கு மெய்ந்நூல்கள் வேண்டும்

பாடசாலை விடுமுறை நெருங்கும் வேளைகளில் பெற்றோர் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதை எட்டிவிட்ட பிள்ளைக்கு எந்த நூலை வாங்கிக் கொடுக்கலாம் என்பதே அது. பாடநூல்களைப் பாடசாலை தந்துவிடுகிறது. மந்திரக் கதைகளையும் சாகசக் கதைகளையும் பிள்ளைகள் தாமாகவே தேடிக்கொள்கின்றனர். இவ்விரண்டிலும் சேராத ஒரு வகை நூல்கள்தாம் நமது வீடுகளில் அரிதாகக் காணப்படுகின்றன. வாழ்க்கை வரலாறு, நாட்குறிப்பு, சரித்திரம், விஞ்ஞானம் எனக் கற்பனை கலவாது எழுதப்பட்ட அந்நூல்களை மெய்ந்நூல்கள் என இங்கு குறிப்பிடுவோம்.

நடன வகுப்புக்கும் கணித வகுப்புக்கும் பணத்தையும் நேரத்தையும் தாராளமாகச் செலவிடும் நம்மவர், இத்தகைய நூல் ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுப்பதைப் பெரிதாகக் கருதுவதில்லை. பரீட்சைக்கு உதவாத வாசிப்பு வீண் என்ற எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் மாறவேண்டும். அகதிகளாக வந்த சமூகத்துக்கு மெய்ந்நூல் வாசிப்பு ஏனையோருக்கு இருப்பதைவிட மிகுந்த அவசியமானது என்பது நமது உறுதியான கருத்தாகும்.

குடிவரவு அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தைப் பல வீடுகளில் பிரித்து வாசிப்பது பதின்மூன்று வயதுப் பிள்ளையே. வைத்தியரிடம் தாயின் நோயை எடுத்துரைப்பதும், வீட்டு உரிமையாளரிடம் தந்தைக்காகப் பேசுவதும் அப்பிள்ளையே. இத்துணைப் பொறுப்பைச் சுமக்கும் பிள்ளைக்குத் தன் பெற்றோர் ஏன் நாட்டைவிட்டுப் புறப்பட்டனர், எவ்வழியாக வந்துசேர்ந்தனர் என்பது பெரும்பாலும் தெரியாது. சொன்னால் பிள்ளையின் மனம் நோகும் எனப் பெற்றோர் சொல்வதில்லை. கேட்டால் பெற்றோரின் மனம் நோகும் எனப் பிள்ளையும் கேட்பதில்லை. அன்பினால் விளைந்த இவ்விரு மௌனங்களுக்கும் நடுவே ஒரு நூலை வைத்துப் பார்க்கலாம். பிறர் பட்ட துன்பத்தை ஒன்றாக வாசித்த வீட்டில் தமது துன்பத்தைப் பேசுவது எளிதாகும்.

இந்நோக்கில் முதலில் நாம் பரிந்துரைப்பது ஆன் பிராங்க் என்ற சிறுமியின் நாட்குறிப்பு. இதனை யூத மக்களின் பேரழிவு பற்றிய நூல் என்றே பலரும் அறிவர். இது ஓர் அகதிப் பிள்ளையின் நூல் என்பதை நம்மவர் கவனிக்க வேண்டும். 1929 இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் பிறந்த அவரது குடும்பம், 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் நெதர்லாந்துக்குப் புலம்பெயர்ந்தது. அங்கிருந்து அமெரிக்கா செல்வதற்கு விசாப் பெற அவரது தந்தை 1941 இல் எடுத்த முயற்சி கைகூடவில்லை. 1942 ஜூன் 12 இல் தமது பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த குறிப்பேட்டில் ஆன் எழுதத் தொடங்கினார். எழுதிய மொழி தாய்மொழியான ஜேர்மன் அன்று. தஞ்சம் புகுந்த நாட்டின் மொழியான டச்சு. சில வாரங்களுள் அக்குடும்பம் ஆம்ஸ்ரர்டாமில் தந்தையின் வர்த்தக நிலையத்தின் பின்கட்டில் ஒளிந்துகொள்ள நேர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக எட்டுப் பேர் அங்கு மறைந்து வாழ்ந்தனர். 1944 ஓகஸ்ட் 4 இல் அவர்கள் பிடிக்கப்பட்டனர். 1945 இன் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் ஆன் இறந்தார். எண்மரில் உயிர்தப்பிய ஒருவரான தந்தை 1947 இல் அந்நாட்குறிப்பை வெளியிட்டார்.

ஒரே அறையில் பலர் நெருங்கி வாழும் எரிச்சல், தாயுடன் ஏற்படும் பிணக்கு, வெளியே செல்ல முடியாத ஏக்கம் ஆகிய யாவும் அதில் ஒளிவின்றி எழுதப்பட்டுள்ளன. தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்காக முகாம்களில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இவை புதியனவல்ல. தமது மனத்தில் எழும் கோபமும் சலிப்பும் குற்றமல்ல என்பதை அவர்கள் அந்நூலிலிருந்து அறிந்துகொள்வர். முடிவு துயரமானதாகையால், பெற்றோரில் ஒருவராவது உடன் வாசிப்பது நன்று.

இரண்டாவதாக, சரித்திர நூல்கள். 1930 ஒக்டோபரில் நைனி சிறையிலிருந்த ஜவகர்லால் நேரு, பதின்மூன்றாவது பிறந்தநாளைக் காணும் மகள் இந்திராவுக்குப் பரிசாக அனுப்ப ஏதுமின்றி ஒரு கடிதம் எழுதினார். 1933 வரையில் சிறைகளிலிருந்து அவர் தொடர்ந்து எழுதிய கடிதங்களே 'உலக வரலாறு' எனத் தமிழில் அறியப்படும் பெருநூலாயின. 196 கடிதங்களைக் கொண்ட அந்நூலில் கிரேக்கமும் சீனமும் மட்டுமன்றித் தென்னிந்தியச் சோழரும் இடம்பெறுகின்றனர். முழுவதையும் ஒருமிக்க வாசிக்கும்படி பிள்ளையைப் பணிக்க வேண்டியதில்லை. இரவு உணவின் பின் ஒரு கடிதம் போதும். குடும்ப இணைவு அனுமதி கிடைக்காமல் பிள்ளைகளைப் பிரிந்து வாழும் தந்தையர் நம்மிடையே இன்றும் உள்ளனர். தொலைவிலிருந்தும் ஒரு தந்தை மகளின் கல்வியில் பங்குகொள்ள முடியும் என்பதற்கு அக்கடிதங்களே சாட்சி.

கடிதங்களின் நீளம் கண்டு அஞ்சும் பிள்ளைக்கு வியன்னாவில் பிறந்த ஏர்ண்ஸ்ட் கொம்பிரிக் எழுதிய சிறிய உலக வரலாற்றைக் கொடுக்கலாம். 1935 இல், தமது இருபத்தாறாவது வயதில், நாளுக்கு ஓர் அத்தியாயமாக ஆறு வாரங்களில் அவர் அதனை ஜேர்மன் மொழியில் எழுதி முடித்தார். மறு ஆண்டே அவர் இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்தார். சமாதானத்தை மிகையாகப் போற்றுகிறது என்று கூறி நாஜிகள் பின்னர் அந்நூலைத் தடைசெய்தனர். ஆங்கில மொழிபெயர்ப்பு 2005 இல்தான் வெளிவந்தது. ஐரோப்பாவை நடுவாகக் கொண்டு உலகை நோக்கும் அந்நூலில் தமிழர் வரலாற்றை எதிர்பார்க்க முடியாது. அக்குறையை நேருவின் கடிதங்கள் ஓரளவு நிரப்பும். ஒரே உலகத்தை இருவர் இருவேறு இடங்களில் நின்று எழுதியமையை ஒப்பிட்டுப் பார்ப்பதும் பிள்ளைக்கு நல்லதொரு பாடமே.

விஞ்ஞானத்தில் நாட்டமுள்ள பிள்ளைக்கு இரு நூல்கள். முதலாவது, ஆபிரிக்காவின் மலாவி நாட்டைச் சேர்ந்த வில்லியம் கம்குவம்பாவின் தன்வரலாறு. 2001, 2002 ஆம் ஆண்டுகளில் அந்நாட்டைப் பஞ்சம் வாட்டியது. கட்டணம் செலுத்த வழியின்றி அச்சிறுவன் உயர்நிலைப் பாடசாலையை விட்டு விலக நேர்ந்தது. ஆயினும் சிறிய நூலகம் ஒன்றுக்குச் சென்று வாசிப்பதை அவர் நிறுத்தவில்லை. ஆங்கிலம் சரிவரப் புரியாதபோது நூலின் படங்களைக் கொண்டு சொற்களின் பொருளை ஊகித்தார். பழைய துவிச்சக்கரவண்டியின் பாகங்கள், கழித்துவிடப்பட்ட உழவு இயந்திரத்தின் விசிறி, மரக்கட்டைகள் ஆகியவற்றைக் கொண்டு காற்றாலை ஒன்றை அமைத்து வீட்டில் மின்விளக்கு எரியச் செய்தார். 2009 இல் வெளிவந்த அவரது நூலுக்கு இளையோர்க்கான பதிப்பும் உண்டு. புதிய நாட்டின் மொழி புரியாமல் வகுப்பறையில் தலைகுனிந்து இருக்கும் பிள்ளைக்கு இந்நூலைப்போல் ஊக்கந்தரும் நூல் அரிது.

மற்றையது மைக்கல் பரடேயின் மெழுகுதிரி பற்றிய விரிவுரைகள். இரும்புக் கொல்லரின் மகனான பரடே, பதினான்காவது வயதில் நூல் கட்டுபவர் ஒருவரிடம் வேலை பழகச் சென்று, கட்டுவதற்கு வந்த நூல்களை வாசித்தே விஞ்ஞானத்தின்பால் ஈர்க்கப்பட்டவர். 1860 ஆம் ஆண்டின் நத்தார் காலத்தில் தொடங்கி, இலண்டன் ரோயல் நிறுவகத்தில் இளையோருக்காக அவர் நிகழ்த்திய ஆறு விரிவுரைகள் மறு ஆண்டு நூலாயின. எரியும் மெழுகுதிரி ஒன்றிலிருந்து காற்று, நீர், சுவாசம் வரை அவர் இட்டுச்செல்லும் முறை இன்றும் சுவை குன்றாதது. சோதனைகளைச் செய்ய விரும்பும் பிள்ளையின் அருகில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

தமிழில் ஒரு நூலேனும் இப்பட்டியலில் இருத்தல் வேண்டும். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்து, அவரது மறைவினால் முற்றுப்பெறாது நின்ற நூல். நல்ல ஆசிரியரைத் தேடி ஊர் ஊராக அலைந்த ஒரு மாணவனின் வரலாறு அது. ஏடு தேடி அலைந்த அந்நாட்களில் நமது சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையையும் பிள்ளைகள் அந்நூலில் சந்திப்பர். தமிழை எழுத்துக்கூட்டியே வாசிக்கும் பிள்ளைக்கு அம்மம்மாவோ தாத்தாவோ வாசித்துக் காட்டலாம். ஐரோப்பிய மொழி நூலைப் பிள்ளை பெரியவருக்கு விளக்குவதும், தமிழ் நூலைப் பெரியவர் பிள்ளைக்கு விளக்குவதும் ஒரே வீட்டில் நடைபெறுமாயின் அதனிலும் சிறந்த தமிழ் வகுப்பு வேறில்லை.

இந்நூல்களுக்குப் பெரும் பணம் தேவையில்லை. நாம் வாழும் நகரங்களின் பொது நூலகங்கள் பலவற்றில் பிள்ளைகளுக்கு நூல்கள் இலவசமாகவே இரவல் தரப்படுகின்றன. ஊரில் வாசிகசாலைக்குச் சென்று பத்திரிகை பார்த்த வழக்கம் நம்மவரிடம் வேரூன்றியிருந்தது. அவ்வழக்கத்தை இங்குள்ள நூலகத்தின் வாசலுக்கு மாற்றிக்கொள்வதே வேண்டுவது.

மெய்ந்நூல் வாசிப்பினால் விளையும் வேறொரு நன்மையையும் குறிப்பிட வேண்டும். கைத்தொலைபேசியில் நாள்தோறும் வந்து குவியும் செய்திகளில் மெய் எது, பொய் எது எனப் பெரியவர்களே திகைக்கும் காலம் இது. இதைச் சொல்பவர் யார், அவருக்கு எவ்வாறு தெரியும், எப்போது எழுதினார் என்ற மூன்று கேள்விகளையும் நூலை மூடுமுன் கேட்கப் பழகிய பிள்ளையை ஏமாற்றுவது கடினம். தஞ்ச விசாரணையில் ஒரு திகதி மாறியதனால் முழு வாக்குமூலமும் ஐயத்துக்கு உள்ளாகும் துயரை நம் மக்கள் அறிவர். உண்மையைச் சரியாகச் சொல்வதன் பெறுமதியை நமக்கு வேறெவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அதனைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதே எஞ்சியுள்ளது.

1981 இல் ஓர் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அக்கட்டிடம் பின்னர் மீள எழுப்பப்பட்டது. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கில் சேகரிக்கப்பட்டு எவரும் வாசிக்கக் கிடைக்கின்றன. ஆயினும் எந்த நூலகத்திலும் இல்லாத நூல்கள் இன்னும் நமது வீடுகளில் உள்ளன. அவை பெற்றோரின், பேரனின், பேர்த்தியின் நினைவுகள்.

1944 மார்ச்சில், போர்க்கால மக்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் காக்கப்பட வேண்டும் என்ற வேண்டுகோள் இலண்டனிலிருந்து டச்சு வானொலியில் ஒலித்தது. அதனைக் கேட்டபின்பே ஆன் பிராங்க் தமது குறிப்புகளை நூலாக்கும் எண்ணத்துடன் திருத்தி எழுதத் தொடங்கினார். அத்தகைய வேண்டுகோளை நாமும் விடுக்கின்றோம். இவ்விடுமுறையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மெய்ந்நூல் வாசிக்கப்படட்டும். அதன்பின் பிள்ளையின் கையில் வெறுமையான குறிப்பேடு ஒன்றைக் கொடுத்து, தாயும் தந்தையும் தாம் வந்த வழியைச் சொல்லட்டும். ஊரின் பெயரும் ஆண்டும் திகதியும் பிழையின்றிப் பிள்ளை எழுதிக்கொள்ளட்டும். நாளைய பிள்ளைகள் வாசிக்கவேண்டிய மெய்ந்நூல்களுள் நமது நூலும் ஒன்றாக இருக்க வேண்டுமாயின், அது இவ்வாறுதான் தொடங்க முடியும்.