கடைசி பெஞ்ச் தலைவர்கள்

சாயங்காலம் பார்க் ஸ்டேஷனில் ஏறி, செங்கல்பட்டு வண்டியில் ஜன்னல் ஸீட் பிடிப்பதும், 'தமிழ் தலைவாஸ்' கபடியில் ஜெயிப்பதும் ஒண்ணு. எப்போதாவதுதான் நடக்கும். நடந்த அன்று ஆபீஸ், மேனேஜர் எல்லாமே மறந்துபோகும்.

ப்ரோ கபடி 2014-ல் 8 டீமோடு ஆரம்பமானது. நம்மாட்கள் நுழைந்தது 2017-ல், டீம்கள் 12 ஆனபோது. சச்சின் ஒரு பங்குதாரர், விளம்பரத்துக்குக் கமல். கேப்டன் இமாசலப் பிரதேசத்து அஜய் தாக்கூர். முந்தின வருஷம்தான் அகமதாபாத்தில் ஈரானைச் சாய்த்து இந்தியாவுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்தவர். இனி என்ன வேண்டும்?

ஜெயிக்க வேண்டும். அது மட்டும்தான் நடக்கவில்லை.

2017-ல் பிரிவில் கடைசி. 2018-ல் முதல் மேட்சே நேரு உள்விளையாட்டரங்கில். பாட்னாவை 42-26 என்று துவைத்துக் காயப்போட்டார்கள். தொண்டை கட்டிப்போய் கடைசி வண்டியில் வீடு வந்தேன். அந்த வருஷமும் பிரிவில் கடைசி! 2019-ல் பிரிவெல்லாம் கிடையாது. 12 டீமில் பன்னிரண்டாவது.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் மேட்ச் பார்க்கும் டீக்கடைக்கு ஒரு பையன் வருவான். சதுரங்கப்பட்டினத்துக்காரன். கடற்கரை மணலில் சடுகுடு ஆடி வளர்ந்தவன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை என்று கனவு; ஒரு டோர்னமென்ட்டில் முட்டி போனதோடு கனவும் போச்சு. இப்போது மூட்டை தூக்குகிறான்.

"ஏண்ணே, நம்ம டீமுக்குக் கேப்டன் இமாசலத்துக்காரர். 2016-ல பாட்னாவுக்குக் கோப்பை வாங்கிக் குடுத்த கேப்டன் நம்ம தஞ்சாவூர் சேரலாதன். அப்ப எதுண்ணே நம்ம டீமு?"

நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன். பதில் தெரியாதபோது டீ ரொம்பச் சுடும்.

கிட்டத்தட்ட நம்ம கபடி மாதிரியே ஆளைப் பிடித்து அமுக்கும் ரக்பி லீகின் கதை வேறு. வடக்கு இங்கிலாந்தில் மில்லிலும் சுரங்கத்திலும் உழைத்தவர்கள், மேட்ச் ஆடப் போனால் அன்றைய கூலி போச்சு. அந்த நஷ்டத்தைக் க்ளப் ஈடுகட்டக் கூடாது என்றார்கள் மேலிடத்துப் பெரிய மனிதர்கள். 1895-ல் ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய க்ளப்கள், 'போங்கய்யா' என்று பிரிந்து வந்துவிட்டன. நாளுக்கு 6 ஷில்லிங் வரை ஈடு. ஊர்க்காரன் வயிற்றுக்காகச் சண்டை போட்டதால், அது ஊர் க்ளப். நம்முடையது ஏலத்தில் எடுத்த டீம்.

2022 ஏலத்தில் பவன் செராவத்துக்கு 2 கோடியே 26 லட்சம். அக்டோபரில் முதல் மேட்ச் குஜராத்தோடு. (எதிரணிக் கேப்டன் சந்திரன் ரஞ்சித், தமிழர்!) முதல் பாதியிலேயே பவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கடையே அமைதி.

"போச்சுண்ணே, இந்த வருஷம் ஆட முடியாது" என்றான் பையன். டாக்டர் சொல்லும் முன்பே. அப்படியேதான் ஆயிற்று.

"அவருக்கு ஆபரேஷன் பண்ணுவாங்க. எனக்குப் புத்தூர்க் கட்டு. வலி ஒண்ணுதாண்ணே."

அவ்வளவுதான் என்று நினைத்தோம். ஆனால் நரேந்தர், சாகர் என்று ஹரியானாப் பையன்கள் வரிந்து கட்டினார்கள். முதல் தடவையாக ப்ளே-ஆஃப்! டிசம்பரில் உ.பி.யோடு எலிமினேட்டர். 36-36 டை. ஆளுக்கு ஐந்து ரைடு. 6-4... ஜெயிச்சாச்சு!

பையன் என்னை அலாக்காகத் தூக்கிவிட்டான். என் வெயிட் எனக்கே தெரியும்.

"டேய், முட்டி வலிக்கலையா?"

"நாளைக்கு வலிக்கும்ணே."

அரையிறுதியில் புனேயிடம் 37-39. வெறும் 2 பாயின்ட். அதைப் பார்க்க அவன் வந்திருந்தான், நொண்டிக்கொண்டே. என்னைத் தூக்கியதில் இரண்டு நாள் கூலி போயிருந்தது. கேட்டால், "நம்ம டீமுக்காகத்தானேண்ணே" என்றான்.

அவன் கேள்விக்கு அவனே பதில் சொல்லிவிட்டான். 6 ஷில்லிங்குக்கு இன்றைய கணக்கில் என்ன ஆகுமோ. அன்றைய டீ, பஜ்ஜி என் கணக்கு.