முள் எங்கே?



விடுமுறை வந்தால் போதும்... நண்பர்களோடு சைக்கிளை எடுத்துக் கொண்டு, பக்கத்து ஊர் அணைக்கட்டுக்கோ, மலைக் கோவிலுக்கோ கிளம்பி விடுவீர்கள். நல்ல விஷயம் தான். ஆனால், பாதி வழியில், கடையே இல்லாத இடத்தில், 'புஸ்...' என்று காற்று இறங்கி விட்டால் என்ன செய்வீர்கள்? வீடு வரை தள்ளிக் கொண்டே நடப்பீர்களா?

ஒரு காலத்தில் சைக்கிள்களுக்குக் கெட்டி ரப்பர் டயர் தான். பஞ்சரே ஆகாது, ஆனால், ஒவ்வொரு கல்லும் முதுகில் வந்து இடிக்கும். அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் இருந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட, ரப்பர் குழாயில் காற்றடைத்து, சக்கரத்தில் சுற்றிப் பார்த்தார். 1888ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பயணம் சுகமானது, கூடவே பஞ்சரும் வந்து சேர்ந்தது!

பஞ்சரைப் பெருமளவு தவிர்க்கலாம். கிளம்பும் முன் டயரை அழுத்திப் பாருங்கள். காற்று குறைவாக இருந்தால், பள்ளத்தில் இறங்கும் போது, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். தேய்ந்த டயரை மாற்றி விடுங்கள். சாலையோர மண்ணில் கருவேல முள்ளும், கண்ணாடிச் சில்லும் கிடக்கும், கவனம்.

நீண்ட தூரம் போனால் பம்ப், டயர் லிவர், உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டு, ஒரு பாட்டில் தண்ணீர் பையில் இருக்கட்டும். காற்று இறங்கினால், முதலில் சாலையை விட்டு ஒதுங்குங்கள். டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, டியூபை வெளியே இழுத்துக் காற்றடியுங்கள். மேலே தண்ணீர் விட்டால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். ஓட்டையே இல்லையா? வால்வு டியூப் கிழிந்திருக்கும், பாருங்கள். ஓட்டை தெரிந்தால், காற்றை இறக்கி, ஈரம் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவுங்கள். அது நன்றாக உலர்ந்த பின் தான் ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் பிய்ந்து விடும்.

உடனே டயரை மாட்டி விடாதீர்கள். முள் எங்கே? அது இன்னும் டயருக்குள் தான் குத்திக் கொண்டிருக்கும்! டயரின் உட்பக்கத்தைத் துணியால் மெல்லத் தடவினால், முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். அதைப் பிடுங்கிய பின் டியூபை மாட்டுங்கள். இல்லையென்றால், சற்று தூரத்திலேயே மறுபடி, 'புஸ்' தான்!

படிப்பும் அப்படித்தான். தப்பான கணக்கை அடித்து விட்டு, பக்கத்தில் இருப்பவன் விடையை எழுதிக் கொள்வது, வெறும் ஒட்டு. எந்த வரியில் தவறினோம் என்று தேடுவது தான், முள்ளைப் பிடுங்குவது. முதலாமவன் அடுத்த தேர்விலும் அதே இடத்தில் தான் நிற்பான்.

இந்த வாரம், உங்கள் தெரு சைக்கிள் கடையில் ஒட்டுப் போடுவதைக் கவனியுங்கள். பிறகு, பெரியவர்களை அருகில் வைத்துக் கொண்டு, வீட்டில் ஒரு முறை செய்து பழகுங்கள். அடுத்த பயணத்தில் நண்பனின் டயர் பஞ்சரானால், நீங்கள் தான் ஹீரோ!

அன்புடன்,
ஆசிரியர்