வாழையை விற்றுவிட்டு தெர்மாகோலை வாடகைக்கு எடுப்பதா?

உழவர் தோழர்களே, ஒரு கணக்கு கேட்கிறேன். வாழை யார் வயலில் விளைகிறது? மாவிலை யார் தோப்பில் இருக்கிறது? செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் சம்பங்கியும் யார் நட்டது? எல்லாம் நாம்தான். ஆனால் நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் டவுனிலிருந்து ஒரு வண்டி வருகிறது. அதிலிருந்து பிளாஸ்டிக் பூ இறங்குகிறது, தெர்மாகோல் தூண் இறங்குகிறது, பலூன் இறங்குகிறது. மறுநாள் காலையில் எல்லாம் ஏறிப் போய்விடுகிறது. நம்மிடம் மிச்சம் இருப்பது கடன் சீட்டும் மண்டபத்துக்குப் பின்னால் குப்பையும்தான்.

வெளி இடுபொருளைக் குறைத்தால்தான் உழவன் பிழைப்பான் என்று வயலில் பேசுகிறோம். அந்தப் பேச்சு கல்யாண மண்டபத்து வாசலில் நின்றுவிடுகிறது. மூட்டை உரத்துக்கு வட்டி கட்டுவதும் மேடை ஜோடனைக்கு வட்டி கட்டுவதும் ஒரே பள்ளம்தான்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. போன ஆவணியில் எங்க அண்ணன் மகளுக்குக் கல்யாணம். இடம் எங்க ஊர் சமுதாயக் கூடம். வெள்ளையடித்த நாலு சுவர், டியூப் லைட்டு, இரும்பு ஜன்னல், அவ்வளவுதான். ஜோடனைக்காரர் ஒருத்தர் வந்து பார்த்துவிட்டு, மேடைக்கும் வாசலுக்கும் மட்டும் 55,000 ரூபாய் சொன்னார். அண்ணன் கடலை போட்டு எடுத்த பணம் நகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாப் போச்சு. "கடன் வாங்கிக்கலாம்டா, சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்க" என்றார். "அண்ணே, மூணு மாசம் இருக்கு, என்கிட்ட விடு" என்றேன்.

வெறும் கூடத்தை முழுக்க மூட வேண்டியதில்லை. வருகிறவர் கண் மூணு இடத்தில்தான் நிற்கும்: வாசல், மணமேடை, பந்தி. இந்த மூன்றையும் நிறைவாகச் செய்தால் மற்ற சுவரை யாரும் பார்க்க மாட்டார்கள். மேடைக்குப் பின்சுவரில் மூங்கில் கட்டி, காடாத் துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டோம். மேடைப் பக்கம் டியூப் லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் பல்பு போட்டோம். பாதி அலங்காரம் அந்த வெளிச்சத்திலேயே வந்துவிட்டது.

பூவுக்கு வழி நம்ம தக்காளி வயலிலேயே இருக்கிறது. காய்ப்புழுவுக்குப் பொறிப்பயிராகவும், நூற்புழுவைக் குறைக்கவும் செண்டுமல்லி நடுகிறோம் அல்லவா? நாற்று நட்டு சுமார் இரண்டு மாதத்தில் அது பூவுக்கு வரும். முகூர்த்தம் குறித்த வாரமே வரப்பு ஓரமாக இரண்டு வரிசை கூடுதலாக நட்டுவிட்டால், கல்யாணத்துக்கும் ஆச்சு, தக்காளிக்கும் ஆச்சு. ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் பூ விலை எப்படி ஏறும் என்று விற்கிற நமக்குத் தெரியாதா?

முளைப்பாலிகையையும் சடங்கோடு விட்டுவிடாதீர்கள். அது நம் முன்னோர் செய்த விதை முளைப்புச் சோதனை. சின்னச் சின்னச் சட்டியில் நவதானியம் விதைத்து ஒன்பது நாள் நிழலில் வைத்தால் பச்சைப் பசேலென்று நிற்கும். பந்தி மேசைக்கு ஒன்று வைத்துப் பாருங்கள், கடைப் பூங்கொத்து எதுவும் பக்கத்தில் நிற்காது. பந்தி முடிந்ததும் கன்றுக்குட்டிக்குத் தீனி.

அந்தச் சட்டிக்கு நாம் எங்கேயும் அலைய வேண்டாம். விருத்தாசலம் பீங்கான் ஊர். தொழிற்பேட்டையில் சூளைகள் இருக்கின்றன. பீங்கான் தொழில்நுட்பம் படிப்பதற்கென்றே இங்கே ஒரு பயிலகம் இருக்கிறது. இந்தப் பக்கம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம். வி.ஆர்.ஐ. என்று தொடங்கும் கடலை ரகமும் முந்திரி ரகமும் நம்ம ஊர்ப் பெயரைத்தான் சுமந்து போகின்றன. சூளையும் வயலும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஊரில் பிளாஸ்டிக் தொட்டியை வாடகைக்கு எடுப்பது நியாயமா? மெருகு சரியாகப் படியாத சட்டி, லேசாகக் கோணிய அகல் என்று கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்குங்கள். விலை குறையும், விளக்கு ஏற்றினால் கோணல் யாருக்கும் தெரியாது. பூ வைக்க வீட்டு ஊறுகாய் ஜாடியே போதும்.

ஜாடி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மேடைப் பூங்கொத்துக்கு அடியில் பச்சையாக ஒரு கட்டி வைத்து, அதில் காம்பைச் செருகுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். அது மண்ணில் மக்காத ஒருவகை பிளாஸ்டிக். உதிர்ந்தால் நுண்துகளாகித் தண்ணீரில் கலக்கும், நீர்வாழ் உயிர்கள் அதைத் தின்னும் என்று ஆஸ்திரேலியாவின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் மலர்க் கண்காட்சிகளில் அதைத் தடுத்துவிட்டது. பூக்காரர்களே விட்டதை நாம் ஏன் மணிமுத்தாற்றில் கொண்டு போய்க் கொட்ட வேண்டும்?

சட்டமும் இந்த விஷயத்தில் நம் பக்கம்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பிளாஸ்டிக்குக்குத் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க அலங்காரத் தெர்மாகோல், பலூன் பிளாஸ்டிக் குச்சி, அழைப்பிதழ் மேல் சுற்றும் மெல்லிய தாள், 100 மைக்ரானுக்குக் குறைந்த பேனர் எல்லாம் தடை. பேனர் என்றதும் 2019 செப்டம்பர் ஞாபகம் வரவேண்டும். சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண வீட்டு பேனர் சரிந்து விழுந்து, வண்டியில் போன இளம் பெண் பொறியாளர் லாரியில் சிக்கி உயிர்விட்டார். ஒரு வீட்டு மங்களத்துக்கு வைத்தது இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் கொண்டு போனது.

இயற்கை என்றால் எல்லாம் நல்லது என்றும் நான் சொல்ல மாட்டேன். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபத்துக் கீற்றுப் பந்தலில் பிடித்த தீயில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அதனால் காய்ந்த கீற்றைக் கூடத்துக்குள் கொண்டு வராதீர்கள். பச்சை இலை மட்டும் போதும். அகல் விளக்கைத் துணிக்கும் தோரணத்துக்கும் எட்டத்தில் தரையில் வையுங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும், பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருக்கட்டும்.

தென்னங்குருத்து விஷயத்திலும் கவனம் வேண்டும். அழகாக இருக்கிறது என்று காய்க்கிற மரத்தில் ஏறி வெட்டக் கூடாது. மரத்தின் பலம் குறையும், வெட்டுக்காயம் சிவப்புக் கூன்வண்டை இழுக்கும். சாய்க்கப் போகிற மரம் இருந்தால் அதில் எடுங்கள். இல்லையென்றால் மாவிலையும் வேப்பிலையும் போதும்.

இப்போது கணக்கு. குலையோடு வாழை 6, பங்காளி வயலில் காசு கொடுத்து வாங்கினது, 3,000. தோரணம் பின்ன இரண்டு ஆளுக்குக் கூலி 2,000. பூ கட்டின பெண்களுக்கு 2,400. அகலும் சட்டியும் 2,400. துணி, மூங்கில், பல்பு வாடகை 2,500. ஆக மொத்தம் 12,300 ரூபாய். பூ நம்ம வரப்புப் பூ. மறுநாள் வாழைக் குலையைப் பழுக்க வைத்தோம், தண்டு சமையலுக்குப் போனது, மட்டையும் பூவும் தோரணமும் மட்குக் குழிக்குப் போனது. குப்பை வண்டிக்கு வேலையே இல்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பூ கட்டினவர்களுக்கும் தோரணம் பின்னினவர்களுக்கும் கூலி கொடுத்தோம். சிக்கனம் என்ற பெயரில் அக்கம்பக்கத்துப் பெண்களை ராத்திரி முழுக்க சும்மா உட்கார வைத்து வேலை வாங்குவது சிக்கனம் ஆகாது. அந்த 12,300-ல் பெரும்பகுதி ஊருக்குள்ளேயே சுற்றியது என்பதில்தான் எனக்குத் திருப்தி.

"ஏன் மாமா, கல்யாணம்னா ஒரு தடவதானே, அதுலயும் கணக்கு பாக்கணுமா?" என்று எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. போட்டோவில் நன்றாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை தப்பே இல்லை. ஆனால் ஒரு நாள் போட்டோவுக்கு வாங்கின கடனைப் பெண்ணைப் பெற்றவர் மூன்று போகம் கட்டுகிறார். மொய்ப் பணம் வந்து அடைக்கும் என்கிறார்கள். மொய்யும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன்தான்.

இதை ஏழை உழவனிடம் போய்ச் சொல்லிப் பயனில்லை. அவன் எளிமையாகச் செய்தால் "வக்கில்லை" என்பார்கள். பத்து ஏக்கர்க்காரர் வீட்டில் மாவிலையும் அகலுமாகச் செய்தால் அது ஊர் வழக்கமாகிவிடும். ஆகவே வசதி உள்ளவர்கள் முதலில் செய்ய வேண்டும். நம் இயக்கத்துத் தோழர்கள் அவர்களுக்கு முன்னால் செய்ய வேண்டும்.

எனக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு ஊர்க் கிளையும் ஒரு பொதுப் பெட்டி வைக்கட்டும். 200 அகல், 60 சட்டி, இரண்டு கட்டு காடாத் துணி, மூங்கில் சட்டம், மஞ்சள் பல்பு சரம். விதை வங்கி நடத்துகிற மாதிரியே நடத்தலாம்: எடுத்தவர் கழுவித் துடைத்துத் திருப்பித் தரணும், உடைந்ததற்கு ஈடு வைக்கணும். தை முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பேசி, பெட்டியை யார் வீட்டில் வைப்பது என்று முடிவு செய்யுங்கள். செண்டுமல்லி நாற்றும் இப்போதே விட்டுவிடுங்கள்.