18 கோடி ரூபாய் வைத்தியம் யாருக்கு?

நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பது பெரிய காரியம். அந்த மருந்தை ஏழையின் குடிசை வரை கொண்டு போய்ச் சேர்ப்பது அதைவிடப் பெரிய காரியம். முதல் காரியம் முடிந்து, இரண்டாவது காரியம் முடியாமல் நிற்கும் ஒரு நோயைப் பற்றி இன்று சொல்கிறோம்.

அந்த நோயின் பெயர், அரிவாள் செல் ரத்தசோகை. பெயர் விசித்திரமாக இருக்கிறது அல்லவா? காரணத்தோடுதான் அந்தப் பெயரை வைத்தார்கள்.

ரத்தத்தில் அரிவாள்

நம் ரத்தத்தில் கோடிக்கணக்கான சிவப்பு அணுக்கள் மிதக்கின்றன. அவை வெறும் கண்ணுக்குத் தெரியாது. நுண்ணோக்கியில் பார்த்தால், நடுவில் விரலால் அமுக்கிய அதிரசத்தைப் போல வட்டமாக இருக்கும். அவை மிருதுவானவை. மயிரிழையைவிட மெல்லிய ரத்தக்குழாயிலும் வளைந்து நெளிந்து நுழைந்து போகும். உடம்பு முழுவதும் பிராணவாயுவைச் சுமந்து செல்வது அவற்றின் வேலை.

இந்த நோய் உள்ளவர்களின் சிவப்பு அணு அப்படி இருப்பதில்லை. சுமந்து வந்த பிராணவாயுவை இறக்கி வைத்ததும் அது விறைத்துப் போகிறது. கதிர் அறுக்கும் அரிவாளைப் போல வளைகிறது. வளைந்த அணுக்கள் சிறு குழாய்களில் சிக்கி, அடைத்துக் கொள்கின்றன. கை, கால், மார்பு, வயிறு எங்கும் தாங்க முடியாத வலி எடுக்கும். குழந்தை துடித்துப் போகும்.

நல்ல சிவப்பு அணு சுமார் 120 நாள் வாழும். அரிவாள் அணு 10 முதல் 20 நாளில் அழிந்துவிடும். அதனால் உடம்பில் எப்போதும் சோகை. அடிக்கடி காய்ச்சல். சிறு வயதிலேயே உயிர் போவதும் உண்டு.

1910-ம் ஆண்டு சிகாகோ நகர டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக் இந்த வளைந்த அணுக்களைப் பற்றி முதன் முதலில் எழுதினார். 1956-ம் ஆண்டு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி வெர்னன் இங்கிராம், கோளாறு எங்கே இருக்கிறது என்று காட்டினார். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயர். மணிமாலைகள் சேர்ந்தது போன்றது அது. அதில் ஒரு மாலையில் 146 மணிகள் உண்டு. ஆறாவது மணி ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. ஒரே ஒரு மணி! அதனால் ஒரு மனிதனின் வாழ்வே நோயாகிவிடுகிறது.

நம் மலைகளிலும் உண்டு

இது எங்கோ அயல்நாட்டு நோய் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் இந்த அரிவாள் அணுவை 1952-ம் ஆண்டு கண்டார்கள். எங்கே தெரியுமா? நீலகிரி மலையில் வாழும் ஆதிவாசி மக்களின் ரத்தத்தில்தான். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, மகாராஷ்டிரம், குஜராத், கேரளத்தின் வயநாடு ஆகிய இடங்களிலும் இது இருக்கிறது.

காட்டுப் பகுதி மக்களுக்கு இது ஏன் அதிகம்? மலேரியாவே காரணம். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ இந்தக் குணம் ஒரு பங்கு மட்டும் வந்தால், அந்தப் பிள்ளைக்கு நோய் வராது. கொடிய மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கும். ஆகவே கொசு மிகுந்த காடுகளில் அந்தக் குணம் உள்ளவர்கள் பிழைத்துப் பெருகினார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் நோய்.

தாய், தந்தை இருவருக்கும் ஒரு பங்கு இருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நோயும் இல்லாமல் பங்கும் இல்லாமல் பிறக்கவும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மற்ற இரண்டு வாய்ப்பில், குழந்தை பெற்றோரைப் போலவே ஒரு பங்கோடு பிறக்கும்.

இதைக் குடும்பத்தார் நன்றாக மனத்தில் பதிக்க வேண்டும். நோயுள்ள பிள்ளை பிறந்தால், பெற்றவள் மேல் பழி போடுகிறார்கள். சாபம் என்கிறார்கள், செய்வினை என்கிறார்கள். இது அநியாயம். தாய் கொடுத்தது பாதி, தந்தை கொடுத்தது பாதி.

விஞ்ஞானிகளின் வெற்றி

தாய் வயிற்றில் இருக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் வேறு வகை ஹீமோகுளோபின் ஓடுகிறது. அது வளைவதில்லை. பிறந்து சில மாதங்களில் உடம்பு அதை நிறுத்திவிட்டு, பெரியவர்களுக்கான வகைக்கு மாறிவிடுகிறது. அதை நிறுத்தாமல் இருந்தால் என்ன? விஞ்ஞானிகள் இப்படித்தான் யோசித்தார்கள்.

நம் உடம்பின் ஒவ்வொரு குணத்துக்கும் உத்தரவு எழுதி வைத்திருப்பவை மரபணுக்கள். அந்த எழுத்தில் குறிப்பிட்ட இடத்தைத் தேடிப் பிடித்து வெட்டும் முறையை ஜெனிபர் டவுட்னா, இமானுவேல் சார்பென்டியே என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் 2012-ம் ஆண்டு வெளியிட்டார்கள். 2020-ம் ஆண்டு அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வைத்தியம் இப்படி நடக்கிறது. ரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்களை நோயாளியின் உடம்பிலிருந்து எடுக்கிறார்கள். குழந்தைப் பருவ ஹீமோகுளோபினை நிறுத்தி வைக்கும் உத்தரவை அவற்றில் வெட்டிவிடுகிறார்கள். பிறகு கடுமையான மருந்து கொடுத்து, எலும்பு மஜ்ஜையில் உள்ள பழைய அணுக்களை அழிக்கிறார்கள். திருத்திய அணுக்களைத் திரும்ப ஏற்றுகிறார்கள். நோயாளி பல வாரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அந்தக் கடுமையான மருந்தால் பிள்ளைப்பேறு பாதிக்கப்படவும் கூடும். இலேசான வைத்தியம் அல்ல.

ஆனால் பலன் பெரிது. அமெரிக்காவில் நான்கு குழந்தைகளின் தாயான விக்டோரியா கிரே என்பவர் 2019-ம் ஆண்டு இந்த வைத்தியத்தைப் பெற்றார். அவரை வாட்டிய வலி நின்றது. ஓர் ஆண்டுக்கு மேல் கவனித்துக் கணக்கெடுத்த 31 நோயாளிகளில் 29 பேருக்கு, தொடர்ந்து 12 மாதம் கடும் வலி வரவே இல்லை. 2023-ம் ஆண்டு நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் இதற்கு அனுமதி கொடுத்தன.

விலையைக் கேளுங்கள்

அமெரிக்காவில் வைத்த விலை ஒருவருக்கு 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 18 கோடி ரூபாய்! ஆஸ்பத்திரிச் செலவு வேறு.

தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் தகப்பன் 18 கோடிக்கு எங்கே போவான்? ஏழு தலைமுறை உழைத்தாலும் முடியுமா? நோய் இருப்பது ஏழையின் வீட்டில். மருந்து இருப்பது பணக்கார நாட்டில். இந்த இடைவெளியை மூடாவிட்டால், விஞ்ஞானத்தின் வெற்றி பாதி வெற்றிதான்.

மூட முடியுமா? முடியும். அதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு, நோயாளியின் அணுக்களையே மாற்றி அமைக்கும் வைத்தியத்தை பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியும் சேர்ந்து உருவாக்கின. 2024 ஏப்ரலில் ஜனாதிபதி திரவுபதி முர்மு அதைத் தொடங்கி வைத்தார். வெளிநாட்டுச் செலவில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் அதற்கு ஆகிறது. ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோய்க்கு மரபணு வைத்தியத்தை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 5 பேருக்குச் செய்து பார்த்து, பலன் கண்டார்கள். அதன் விவரம் 2024-ம் ஆண்டு வெளியாயிற்று. அறிவு நம்மிடம் இருக்கிறது. கைத்திறமையும் இருக்கிறது. அரிவாள் செல் நோய்க்கும் மலிவான வைத்தியம் இங்கே பிறக்க வேண்டும். அதற்கான ஆராய்ச்சிக்குச் சர்க்கார் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

இன்றே செய்யக்கூடியது

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? கூடாது.

இந்த நோயை ஒழிக்க மத்திய சர்க்கார் 2023 ஜூலை 1-ந் தேதி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 7 கோடிப் பேரின் ரத்தத்தைச் சோதிப்பதும், 2047-ம் ஆண்டுக்குள் நோயை ஒழிப்பதும் அதன் நோக்கம். சோதனைக்குச் சில துளி ரத்தம் போதும். நோய் காணும் பகுதிகளில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் சோதித்துக்கொள்ள வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே பையனும் பெண்ணும் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு பங்கு மட்டும் உள்ளவர்கள் நோயாளிகள் அல்லர். அதைக் காரணம் காட்டி ஒரு பெண்ணை ஒதுக்குவது மடமை.

வலியைக் குறைக்க ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை இருக்கிறது. விலை அதிகமில்லை. டாக்டர் சொல்படி சாப்பிட வேண்டும். அது எல்லா மலைக்கிராம ஆஸ்பத்திரியிலும், எல்லா நாளும் இருக்க வேண்டும். மாத்திரை தீர்ந்துவிட்டது என்று சொல்லி, வலியால் துடிக்கும் குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது.

18 கோடி ரூபாய் வைத்தியம் நம் மலைக்கு வரும் வரை, சில துளி ரத்தச் சோதனையும் ஒரு மாத்திரையும் பல பிள்ளைகளைக் காப்பாற்றும். அதைக் கொடுக்க நாம் தவறினால், எதிர்காலத்தில் எவ்வளவு பெரிய மருந்து வந்தாலும் அதை வாங்கிக்கொள்ள அந்தப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.