தவணைக் கணக்கு

நம் சிறுகதைகளிலே மனமுறிந்த பெண்கள் ஒரே வாக்கியத்தில் விவாகரத்துப் பெற்றுவிடுகிறார்கள். மாவட்ட நீதிமன்ற வாங்குகளில் காத்திருப்போரைக் கண்ட எனக்கு அவ்வாக்கியம் உறுத்துகிறது.

செலவென்றால் சட்டத்தரணியின் முதற்கட்டணம் என்றே பலரும் எண்ணுகின்றனர். அது தொடக்கமே. எதிராளிக்கு அழைப்பாணை சேரவில்லையா, ஒரு தவணை. அவருடைய மறுமொழி ஆயத்தமாகவில்லையா, இன்னொரு தவணை. தவணைதோறும் சட்டத்தரணிக்குக் கொடுக்க வேண்டும். பஸ் செலவு வேறு. கூலிக்குப் போகிறவளுக்கு அன்றைய கூலியும் இல்லை. (இலாபம் காண்பவர் வாசலிலுள்ள தேநீர்க்கடைக்காரர் ஒருவரே!) வழக்கு நடக்குங் காலத்துக்குத் துணைவரிடம் தாபரிப்புக் கேட்கச் சட்டம் இடந்தருகிறது, பலர் அதனை அறியார்.

இத்தனைக்கும் மூலம் எது? பொதுச் சட்டப்படி மணந்தோர்க்கு 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விதித்த காரணங்கள் மூன்றே: பிறரோடு கூடாவொழுக்கம், வன்மத்தோடு கைவிட்டுச் செல்லல், மணவேளையிலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. மனமொத்துப் பிரிவோரிலும் ஒருவர் குற்றவாளியாக வேண்டும்! அக்குற்றத்தை நிறுவவே பணம் கரைகிறது. மறுப்பு வந்தால் ஆண்டுகளும் கரைகின்றன. குற்றஞ்சாட்டாமற் பிரிய வழிவிடுவதே ஏழைக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி என்பது என் துணிபு. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வறியோர்க்காக வழக்காடுகிறது; தவணைகளை அதுவும் குறைக்க இயலாது.